பெற்றோர் நாளில் அம்மா தூங்கினாள்

எங்கள் வீட்டில் யாரும் ஊர் பார்க்கப் புறப்பட்டதில்லை. கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, இவற்றுக்குத்தான் ரயில் ஏறுவோம். அப்பாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. ஆனால் ஓசியில் போவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. நிஜாம் ராஜ்ஜியத்தில், காஜிபேட்டை லோகோ ஷெட்டில் அவருக்கு எஞ்சின் பாய்லர் பழுதுபார்க்கும் வேலை. பொழுது முழுக்க இரும்புக் கூட்டுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு சுத்தியலால் அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சோறு, அப்புறம் சுவரோரம் பாய். அம்மாவுக்கு அந்தப் பாயும் சுலபமாகக் கிடைக்காது. எல்லோருக்கும் எல்லாம் ஆன பிறகு, மிச்சமிருக்கும் மூலையில் கையைத் தலைக்கு வைத்துப் படுப்பாள். இப்படிப்பட்ட வீட்டில், ஹைதராபாத்தில் அண்ணன் படிக்கிற பல்கலைக்கழகத்தில் பெற்றோர்களை அழைத்து விழா நடத்துகிறார்கள், நாமும் போகிறோம் என்று அப்பா அறிவித்தால் சந்தேகம் வராதா? எனக்கு ஒன்பது வயதுதான். ஆனாலும் வந்தது.

விழா ஒரு சாக்குதான். அண்ணனின் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துவரத்தான் போனோம்.

பாய்லர்காரர்களுக்குக் காது நிலைக்காது. அப்பாவுக்குப் பாதிக்கு மேல் போயிருந்தது. அடுத்த தடவை டாக்டர் சோதித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பது ஷெட் முழுக்கத் தெரிந்த விஷயம். ஃபோர்மன் இரக்கமுள்ளவர். திங்கட்கிழமை உன் பையனைக் கொண்டுவந்து நிறுத்து, அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், அன்றைக்குத் தவறினால் வேறொருவன் பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். எனக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள். யோசிப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அண்ணனிடம் யார் சொல்வது? அப்பாவால் முடியாது. தன் காதில் விழும்படி பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. உப்பு வேண்டும் என்று அவர் கேட்டால் அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸிலிருந்து உப்பு வரும். அந்தக் குரலில், அத்தனை படித்த பையன்கள் நடுவே, "படிச்சது போதும் வாடா" என்று எப்படிச் சொல்வார்? போதாக்குறைக்கு, என் பிள்ளை சுத்தியலைத் தொடமாட்டான் என்று காலனி முழுக்கக் கேட்கும்படி முழங்கியவரும் அவரேதான்.

"நீ சொன்னா கேப்பான். தனியா கூட்டிட்டுப் போய் மெதுவா சொல்லு" என்று அம்மாவிடம் கத்தினார்.

அம்மா அடுப்புக்கு முன்னால் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள். முறுக்கு அண்ணனுக்கு.

சின்னதுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரவு பாசஞ்சரில் புறப்பட்டோம். உட்கார்ந்தபடியே வந்தோம். விடிகிற நேரத்தில் செகந்திராபாத். ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவினோம். அம்மா ஈரக் கையால் என் தலையைப் படிய வாரிவிட்டாள். நிஜாம் ராஜ்ஜியத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் தெரு சோம்பலாக இருந்தது. டாங்காவின் குதிரைகூட எங்களை இழுப்பதற்கு மனசில்லாமல்தான் நடந்தது.

பல்கலைக்கழக வாசலில் கறுப்பு ஷெர்வானியும் தொப்பியும் போட்ட பையன்கள் நின்று எல்லோரையும் பிரித்து அனுப்பினார்கள். ஆண்கள் மைதானத்தில் போட்டிருந்த பந்தலுக்கு. பெண்கள், சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி மறைத்த கூடாரத்துக்கு. அந்த ஊர்ப் பெரிய இடத்துப் பெண்கள் வெளி ஆண்கள் முன் வரமாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. எங்கள் அம்மாவோ காஜிபேட்டை சந்தையில் கத்தரிக்காய்க்காகச் சண்டை போடுகிறவள். அவளுக்கு எதற்குத் திரை? ஆனால் அப்பா, "எல்லாரும் அங்கதான் போறாங்க. நீயும் மரியாதையா போய் உக்காரு. அவன் வந்து கூப்பிடுவான்" என்றார். வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் இது அறிவிப்பாகிவிட்டது.

திரைக்கு வெளியே பையன்கள் வந்து நின்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் அம்மா எழுந்து போய், துணியை ஒரு பக்கம் ஒதுக்கிப் பேசுவாள். கொஞ்சம் தள்ளி மரத்தடிக்கும் கூட்டிப்போகலாம். நான் சின்னப் பெண் என்பதால் இரண்டு பக்கமும் போய்வரலாம். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

உள்ளே ஜமுக்காளம் விரித்து, சாய்ந்துகொள்ள நீளத் திண்டுகள் போட்டிருந்தார்கள். அம்மா ஓரத்தில், முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு குந்தினாள். ஒரு வேலைக்காரப் பெண் வந்து கண்ணாடி டம்ளரில் ரோஜா வாசனையுள்ள ஷர்பத்தை நீட்டினாள். அம்மாவுக்குத் தனக்கென்று வாங்கத் தெரியவில்லை. யாராவது குடிக்க ஏதாவது கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அதை வாங்கி எனக்குக் கொடுத்தாள். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பருமனான பேகம் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளரை வாங்கி அம்மா கையில் திணித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு உருது தெரியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே அண்ணன் குரல் கேட்டது. "அம்மா!" என்று தமிழில் கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான்.

திரும்பிப் பார்த்தால் அம்மா திண்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மா, அண்ணன் வந்திருக்கான்" என்று உலுக்கினேன். அசையவில்லை. தூக்கையாவது கொடுப்போம் என்று இழுத்தேன். தூக்கத்திலேயே பிடியை விட்டாள்.

வெளியே போனேன். அந்த உடுப்பில் அண்ணன் வேறு யாரோ மாதிரி இருந்தான். முழங்கால் வரை கறுப்பு, கழுத்து வரை பித்தான். சிரித்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பல்வரிசை தெரிந்தது. அம்மா தூங்குகிறாள் என்றேன். "எழுப்பாதே. ராத்திரி பூரா ரயில்ல முழிச்சிருந்திருப்பா. தூங்கட்டும் பாவம், அப்புறம் வரேன்" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. கட்டடங்களைச் சுற்றிக் காட்டினார்கள். அப்பா தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உருதில் நீளமாக ஒருவர் பேசினார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் கேட்காது, கேட்டாலும் புரியாது. ஆனாலும் மற்றவர்கள் தலையாட்டிய இடத்தில் எல்லாம் ஆட்டினார். பையன்கள் வாயில் கரண்டியைக் கவ்வி, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடினார்கள். இத்தனைக்கும் நடுவே அப்பா என்னைத் துரத்திக்கொண்டே இருந்தார். "போய்ப் பாரு. சொல்லிட்டாளா?"

"தூங்குதுப்பா."

"இன்னுமா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பன்மார்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. வக்கீல்கள், தாசில்தார்கள், ஜாகீர்தார் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஷெர்வானியின் கீழ்ப் பித்தான்களைக் கழற்றிக்கொண்டு வெட்கத்தோடு கயிற்றைப் பிடித்தார்கள். அப்பாவைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றினார். அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் இருந்த மொத்தப் படிப்பும் பணமும் புழுதியில் குப்புற விழுந்தது. அண்ணன் தொப்பி பறக்க ஓடிவந்து, எல்லோரும் பார்க்க அப்பாவைக் கட்டிக்கொண்டான். அப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போது அண்ணனுடைய ஆசிரியர் ஒருவர், தாடிக்காரர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குத் தெரு உருது நன்றாகவே வரும். அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் காதுக்கேற்ற குரலில், "அண்ணன்தான் வகுப்பிலேயே முதல்ல வர்றானாம்! எதுக்கும் நிறுத்தாம படிக்க வைக்கணுமாம்!" என்று கத்தினேன்.

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. குனிந்து செருப்பைத் தேடினார். அது காலுக்கு முன்னால்தான் கிடந்தது.

பிறகு அவர் தானே நேராகக் கூடாரத்துக்குப் போனார். திரைக்கு வெளியே நின்று, "ஏய்! எழுந்திரு!" என்று ஒரு சத்தம் போட்டார். பாய்லருக்குள் இருக்கிறவனை வெளியே கூப்பிடும் சத்தம் அது. உள்ளே பெண்கள் அலறிப்போய் முகத்தை மூடிக்கொண்டார்கள், ஒரு குழந்தை அழுதது, வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்தது. பிறகு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுந்திருக்க வேண்டியவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கோபமான கோபம். விழாவுக்கு வந்து இப்படியா தூங்குவாள் ஒருத்தி? மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்து பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவள் தோளைப் பிடித்து மறுபடி உலுக்கினேன். அந்தப் பேகம் என் கையை விலக்கினாள். "நக்கோ பேட்டி, நக்கோ" என்றாள். வேண்டாம் மகளே, விட்டுவிடு என்று. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மாவின் முந்தானையை எடுத்து அவள் முகத்தின் மேலேயே மெதுவாகப் போர்த்தினாள். ஈ மொய்க்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேநீர் வேளையில் அண்ணன் மறுபடி வந்துபோனான். கடைசியில் அப்பாவே அவனை ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார். நானும் கூடவே போனேன். அப்பா அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு கட்டடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அண்ணன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடுறாங்களா?" என்று கத்தினார் அப்பா.

"நல்லா போடுறாங்கப்பா" என்று அண்ணனும் கத்தினான்.

பொழுது சாயும் நேரத்தில் மாணவர்களை எல்லாம் படிக்கட்டில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அண்ணன் ஓடினான். நான் உள்ளே போனால், அம்மா எழுந்து உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ரயிலுக்கு நேரமாச்சு, வா வா" என்றாள். பேகத்தின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். நாள் முழுக்கக் கிடந்தவளுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. படம் எடுத்து முடிக்கட்டும், அவனிடம் சொல்லிக்கொண்டு போவோம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவள் அதற்குள் டாங்காவில் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தது, போனது. அந்த இடம் வேறொருவன் பிள்ளைக்குப் போயிற்று. டாக்டர் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார். அம்மா, ரயில்வேயில் குடும்பமில்லாமல் இருந்த ஆட்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தாள். விடியுமுன் பத்து அடுக்கு இட்லி, சாயங்காலம் குண்டான் குண்டானாகக் குழம்பு. அவள் விரல் நகங்கள் கடைசிவரை மஞ்சளாகவே இருந்தன. அண்ணன் படித்து முடித்தான். அதன் பலனை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். பெற்றோர் நாளில் அம்மா தூங்கிப்போன கதையைச் சொல்லிச் சிரிப்பதும் எங்கள் வீட்டு வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரிப்பாள். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூட எழுந்து உட்காருகிற பெண் அவள் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது டாங்காவில் அப்பா வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவும் நானும் பின்னால், வந்த வழியைப் பார்த்தபடி. "இதுக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சுதா உன்னால?" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். "அசந்துட்டேன்" என்றாள் அம்மா. அவருக்கு அது கேட்டிருக்காது. கொஞ்ச தூரத்தில் கத்தவும் அலுத்துப்போய்த் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணன் இளைச்சிருக்கானாடி?"

"இல்லையே."

"முறுக்கைத் தின்னானா?"

"அங்கேயே நின்னு தின்னான்."

"தலைக்கு எண்ணெய் வைக்கிறானா?"

"தொப்பி போட்டிருந்தான். எப்படித் தெரியும்?" எனக்கு எரிச்சலாக வந்தது.

படிக்கட்டில் வரிசையாக நின்றிருந்த பையன்கள் அந்தத் தூரத்துக்கும் தெரிந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கறுப்பு, ஒரே தொப்பி. "அதுல எவன்?" என்றாள். நான் கையை நீட்டினேன். அவள் என் விரல் போகிற திசையில் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "அவனா, அடுத்தவனா?" என்றாள். அதற்குள் டாங்கா திரும்பிவிட்டது. மறைத்த சுவரையே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீ தூங்காம இருந்திருந்தா நல்லா கிட்டக்கவே பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"பாத்திருந்தா பேசணுமேடி" என்றாள்.

இது என்ன பதில் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தால் பேசத்தானே வேண்டும்? அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?