உப்பு, வினாகிரி, குளோரின்

கிணற்றுக்கு மருந்து போட வருகிறவனுக்கு எந்த வீட்டிலும் உட்காரக் கதிரை போட மாட்டார்கள். அதே சுகாதார உத்தியோகம் பார்த்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஐம்பதுகளில் என்னைக் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதுக்குப் போட்டிருந்தார்கள். ஒரு மாரியில் வெள்ளம் வடிந்ததும் ஊரெல்லாம் வயிற்றோட்டம். குளோரின் வாளியைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று, கந்தோரிலிருந்த, சின்னதைப் பெரிதாக்கும் நுணுக்குக்காட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

உப்புக்கு ஓடியவை

கரைவலை இழுத்து மீன்பிடிக்கும் ஆதம்பாவாக் காக்காதான் முதலில் பார்த்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர்ச் சொட்டில் செருப்பு உருவத்தில் ஒரு கல உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஓரத்தில் உப்புக் கரைசல் விட்டேன். அதில் முட்டியதும் அவை பின்னுக்குப் போய், வேறு பக்கம் திரும்பி ஓடின. "பாத்தீங்களா காக்கா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்றேன்.

காக்கா நிமிர்ந்தார். "உப்புக்கே பயந்து ஓடுற சாமான் கடல்காரனை என்ன செய்யும் தம்பி? போய்ட்டு வா."

வினாகிரி விருந்து

நெசவுக்காரர் வீட்டுச் சுலைஹா ராத்தாவிடம், அவை ஓடினால் போதாது, செத்துக் காட்ட வேண்டும் என்று வினாகிரி கொண்டுபோனேன். அதில் தண்ணீர் கூடிப்போய்க் காரம் குறைந்துவிட்டது போல. சாகவேண்டியவை புளிப்பைத் தேடி வந்து அந்தச் சொட்டைச் சுற்றிக் கூடிவிட்டன. ராத்தாவின் முகம் மலர்ந்தது.

"நோன்பு திறக்க வந்த ஆக்கள் மாதிரிச் சுத்தி நிக்குதுகள், பாவம். இதுகளையா கொல்ல வந்தாய்?"

மரைக்கார் வந்தார்

பள்ளிவாசல் மரைக்கார்தான் மருந்து வேண்டாம் என்று ஊருக்குச் சொன்னவர். ஒருநாள் காலை அவரே என் வாசலில் வந்து நின்றார். பேரனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறதாம். பிள்ளைக்குக் கண் குழிவிழுந்துவிட்டதாம், மௌத்தாகி மண்ணுக்குப் போய்விடுமோ என்று பயமாம். அவர் வீட்டுக் கிணற்றடியில் நுணுக்குக்காட்டியை வைத்து, சொட்டில் குளோரின் கரைசல் விட்டேன். அவை பம்பரமாய்ச் சுற்றி, உப்பி, அசையாமல் நின்றன. "இதுகளா பிள்ளையைப் படுக்கப் போட்டது?" என்று கேட்டார். "இல்லை மரைக்கார், அது இதைவிடச் சின்னது, இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. ஆனால் இந்த மருந்துக்கு அதுவும் தப்பாது" என்றேன். மரைக்கார் குளோரின் வாளியைத் தானே தூக்கிக் கிணற்றில் ஊற்றினார். அன்றே ஊர்க் கதவுகள் திறந்தன.

பேரன் சுகமாகி வந்தான். அந்த வீட்டில் எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணியும் தந்தார்கள். ஒரு வாய் குடித்தேன். குளோரின் நாக்கில் ஏறியது. மரைக்கார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, பிள்ளை பிழைச்சிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனா தேத்தண்ணி மௌத்தாப் போச்சு."

எந்தக் கரைசலுக்கு ஒரு கல உயிர் என்ன செய்யும் என்பதை நான் ஒரு வாரத்தில் படித்துவிட்டேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் என்ன சொல்வார் என்பதுதான் பென்சன் எடுக்கும்வரை பிடிபடவில்லை.