மூன்று மாதம் போட்ட பத்து

கட்டி முதலில் கைக்குத் தட்டுப்பட்டது குளிக்கும்போது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. இடது மார்பில், மொச்சை விதை அளவு. வலி இல்லை.

நான் மதுரையில் நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன்களைப் பற்றிய மருத்துவம்) பேராசிரியர். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன். ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோயில்தான் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சி. ஆண்களுக்கும் அபூர்வமாக வரும் என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. அது பரீட்சையில் வராது என்று மாணவர்களிடம் சொன்னவனும் நான்தான்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அவளிடம் காட்டினேன். "வேனக்கட்டிப்பா. பழுத்தாத் தானா ஒடையும்" என்று அரிசி மாவைக் கிண்டிச் சூடாகப் பத்துப் போட்டாள்.

திருச்சுழி மருத்துவ முகாமில் இதே பத்தோடு காலம் கடந்து வந்த பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது பத்தின் மேல் பனியனும் சட்டையும் போட்டுக்கொண்டு, மூன்று மாதம் அந்த நோயைப் பற்றியே வகுப்பெடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்குத்தான் அது வரும் என்று நம்பியிருந்தேன்.

கட்டி பழுக்கவில்லை. தோல் உள்வாங்கியது. புற்றுக்கு நான் வகுப்பில் சொல்லும் அடையாளம் அது.

ஆஸ்பத்திரி வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். பக்கத்தில் பந்தல்குடிப் பெண் ஒருவர்.

"வீட்டம்மாவுக்காக வந்திருக்கீகளா?"

"எனக்குத்தாம்மா."

என் சட்டையைச் சற்று நேரம் பார்த்தார். "நான் செஞ்ச பாவந்தான் இப்பிடி வந்துருக்குங்காரு எங்க வீட்டுக்காரரு. நீங்க என்ன செஞ்சீக?"

"ஆராய்ச்சி."

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

என் பழைய மாணவிதான் அறுவை செய்தார். அக்குள் நெறிகளிலும் (நிணநீர் முடிச்சுகள்) பரவியிருந்தது. "சார், மூணு மாசம் முந்தியே வந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மிச்ச வாக்கியத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஏற்பிச் சோதனையில் (கட்டி ஹார்மோனைக் கொண்டு வளர்கிறதா என்று பார்ப்பது) ஆம் என்று வந்தது. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்குக் கட்டுப்படும் என்று பொருள். அந்த மாத்திரையால் உடம்பு திகுதிகுவென்று எரிவதாகப் பெண்கள் சொன்னபோதெல்லாம் என் கட்டுரைகளில் 'சிறு தொந்தரவு' என்று எழுதியிருக்கிறேன். மார்கழிக் காலையில், காரியாபட்டி தாண்டும் பஸ்ஸில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தபோது அந்தச் 'சிறு'வைக் கோடு போட்டு அடித்துவிடத் தோன்றியது. கட்டுரைகள் எப்போதோ அச்சாகியிருந்தன.

இப்படியொரு கட்டியோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. வலிக்காத கட்டியைப் பழுக்க வைக்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டு முதுகு வலித்தது. எலும்புப் படத்தில் ஒரு நிழல். மாத்திரையை மாற்றினார்கள். புதியது நிழலை நிறுத்துகிறதா என்பது தை மாதம் எடுக்கும் படத்தில்தான் தெரியும். முன்பெல்லாம் எனக்குக் கல்வியாண்டு என்று ஒன்று இருந்தது. இப்போது ஒரு படத்திலிருந்து அடுத்த படம் வரைதான் காலம். மார்பை எடுத்துவிட்ட இடப்பக்கம் சட்டை நேராக எலும்பில் உரசுகிறது.

ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் மானாவாரி நிலத்தைப் பற்றி அக்கா கேட்டாள்: "காட்டுல கம்பு வெதைக்கவா, மல்லி வெதைக்கவா?"

கம்பு தைக்கு முந்தியே வீடு வந்துவிடும். கொத்தமல்லிக்கு மாசியாகும்.

"தை மாசப் படம் வரட்டுக்கா, சொல்றேன்."

"ஈரம் ஒன் படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுப்பா."

மல்லி என்றேன். அவள் விதை பார்க்கப் போனாள். நான் முதுகு சாய்க்கச் சுவர் தேடினேன்.