டார்லாவின் ஆயிரம் மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உலகம் காலியாக இருக்கும். இது டார்லா ஸ்டக்கி தானாகக் கண்டுபிடித்த உண்மை. குகைகளில் கூட்டம் இருக்காது, அருங்காட்சியகத்தில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார், பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் கேட்கக் கேட்க ருசி பார்க்கக் கொடுப்பார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடக்கும் அந்த நேரத்தில் தன் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மிசூரி மாநிலத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

ஹார்லன்வில் ஊரில் அந்தப் பச்சை வேனைத் தெரியாதவர்கள் இல்லை. உள்ளே ஏறினால் அவித்த முட்டை வாடையும் ஈரக் காலணி வாடையும் ஒன்றாக அடிக்கும். எந்தக் கடையில் நிறுத்தினாலும் பில் போடுகிறவர்கள் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா பசங்களா?" என்று. டார்லாவின் மகன் அமோஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்களை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க" என்பான். அவன் தங்கை டிர்சா விம்முவது போல நடிப்பாள். டார்லா அதட்டுவாள், ஆனால் வேனுக்குள் வந்ததும் அவள்தான் முதலில் சிரிப்பாள்.

மூத்தவள் கெசியாவால்தான் இதெல்லாம் தொடங்கியது. இரண்டாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொல்ல முடியாமல் கெ, கெ என்று அவள் திணறியபோது பிள்ளைகள் எல்லாம் கோழி மாதிரி கொக்கரித்திருக்கின்றன. ஆசிரியையும் சிரித்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்றே டார்லா போய் மகளைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அப்புறம் எந்தப் பள்ளியின் வாசலையும் மிதிக்கவில்லை. வேனில் போகும்போது சாலையோரப் பலகைகளை எல்லாம் கெசியா உரக்க வாசிக்க வேண்டும். அவசரம் கிடையாது. ஒரு பலகையை வாசித்து முடிப்பதற்குள் பத்துப் பலகைகள் ஓடிப்போனாலும் டார்லா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மூன்று வருஷத்தில் திக்கல் போய்விட்டது. இதை டார்லா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

வேறொரு கணக்கு அவளிடம் இருந்தது. வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள், மாநிலச் சட்டப்படி, வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் படித்ததாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் வந்து பார்க்கமாட்டார்கள், ஆனாலும் எழுத வேண்டும். டார்லா எழுதினாள். ஊர் சுற்றிவிட்டு வந்தால் முதல் வேலை அதுதான். குகைக்குப் போனால் அறிவியல் நான்கு மணி. போகும் வழியில் வரைபடம் பார்த்தால் புவியியல் ஒரு மணி. குகையின் படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டே இறங்கினார்கள் அல்லவா, அது கணிதம் இரண்டு மணி. இதில் அவளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை. அவளோடு சேர்ந்த குழுவில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களும் அப்படித்தான் எழுதின. கணிதப் புத்தகங்களும் வீட்டில் இருக்கத்தான் செய்தன. மழை நாளுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். மழை நாளில் போவதற்கும் நல்ல இடங்கள் இருந்தன என்பதுதான் சிக்கல்.

கெசியாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. அதே மாநிலத்தில் இருக்கும் கொலம்பியா நகரில் தங்கி ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்கும் போகிறாள், நர்ஸ் படிப்பு. போனில் கேட்டால் நன்றாகப் போகிறது என்பாள்.

அந்த மார்ச் மாதம் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் வருஷத்துக்கு ஒரு முறை கணிதத்திலும் வாசிப்பிலும் பரீட்சை எழுத வேண்டும் என்று. டார்லாவின் குழு கொதித்துப்போனது. எழுத ஆரம்பித்தால் அப்புறம் எல்லாம் பரீட்சைக்காகத்தான், செவ்வாய்க்கிழமையும் போய்விடும், குகையும் போய்விடும். பிள்ளைகளோடு மாநிலத் தலைநகருக்குப் போய், மசோதாவை விசாரிக்கும் சட்டசபைக் குழுவின் முன்னால் பேசுவது என்று முடிவாயிற்று. பேசுவதற்கு டார்லாவை விட்டால் ஆள் யார்?

டார்லாவின் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் தலைநகருக்குப் போகும்போது செர்ரிப்பழத்தை மாவுக்குள் பொதித்துச் சுட்ட பலகாரத்தைத் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய், ஒவ்வொரு சட்டசபை உறுப்பினரின் அறையிலும் பிள்ளைகள் கையால் கொடுப்பார்கள். இந்த வருஷம் டார்லா மட்டுமே பதினெட்டுத் தட்டுச் சுட்டாள். அவள் கணவன் கர்ட் எரிவாயு லாரி ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிற மாதிரியான ஆள். அன்று காலை அவளுக்கு முன்பே எழுந்து, தட்டுகளை எல்லாம் வேனில் அடுக்கி, டயருக்குக் காற்றும் பார்த்து வைத்திருந்தான்.

"நீயும் வாயேன் கர்ட். நான் பேசுறதைக் கேட்க வேண்டாமா?"

"லோடு இருக்கு. நீ பார்த்துப் போ."

வேன் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி இன்னொரு தடவையும் சொன்னான். "பார்த்துப் போ டார்லா."

தலைநகரான ஜெபர்சன் சிட்டியில் சட்டசபைக் கட்டடத்தின் மாடிப்படி ஏறி, பலகாரத் தட்டுகளை எல்லாம் கொடுத்து முடித்து, விசாரணை நடக்கும் அறைக்குள் நுழைந்தபோது முதல் வரிசையில் கெசியா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, வாரி முடித்த தலை. டார்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியா ட்ரூடி," என்று பக்கத்தில் இருந்த தோழியின் தொடையைத் தட்டினாள். "அம்மா பேசுறதைக் கேக்க லீவு போட்டுட்டு வந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, கள்ளி."

"என் பசங்க எல்லாம் என் பேச்சைக் கேட்டா காதைப் பொத்திக்கும்," என்றாள் ட்ரூடி. "குடுத்து வெச்சவடி நீ."

கெசியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. டார்லா கையில் இருந்த காகிதத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

முதலில் மசோதாவை ஆதரிப்பவர்கள் பேசினார்கள். யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், யாரோ ஒரு வக்கீல். மூன்றாவதாகத் தலைவர் வாசித்த பெயர் கெசியா ஸ்டக்கி.

தவறாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் டார்லா முதலில் நினைத்தாள். வரிசையை மாற்றி வாசிக்கிறார்கள் போலிருக்கிறது. அதைச் சொல்வதற்காகப் பாதி எழுந்தும்விட்டாள். அதற்குள் கெசியா ஒலிபெருக்கி முன் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேர் கெசியா ஸ்டக்கி. ஏழு வயசுல இருந்து வீட்டுலதான் படிச்சேன். எங்க அம்மா ரொம்ப நல்லவங்க. அதை முதல்லயே சொல்லிடறேன்."

ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த பாத்திரம் போல வந்தது. அந்த நிலையிலும் டார்லாவின் நெஞ்சு ஒரு கணம் பெருமையில் விம்மியது. அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு அதிகம் வலித்தது.

கெசியா கையில் சில தாள்கள் இருந்தன. அதில் இருந்தது டார்லாவின் கையெழுத்து. அவளுடைய மணிக்கணக்கு நோட்டின் பக்கங்கள், போனில் படம் பிடித்து அச்சிட்டவை.

"ஒன்பதாம் வகுப்புல நான் கணக்குப் படிச்சது நூத்தி எழுபது மணி நேரம்னு இதுல இருக்கு. அதுல நூத்திப் பத்து மணி நேரம் படிக்கட்டு எண்ணினது, பறவை எண்ணினது, ரயில் பெட்டி எண்ணினது. நான் பதினாலு குகைக்குப் போயிருக்கேன். ஆனா பின்னத்தைக் கூட்டத் தெரியாது. கல்லூரியில சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் பரீட்சை உண்டு. மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் போச்சு. நான் இன்னும் நர்ஸ் படிப்புல சேரவே இல்ல. வருஷத்துக்கு ஒரு பரீட்சை இருந்திருந்தா, யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சிருப்பாங்க."

ட்ரூடி டார்லாவை விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். பின்வரிசையில் இருந்த குழுப் பெண்களின் பார்வை தன் முதுகில் குத்துவது டார்லாவுக்குத் தெரிந்தது. நன்றாகப் போகிறது என்று வாராவாரம் போனில் சொன்ன குரல் இதேதான். அந்தக் குரலை நம்பி எத்தனை பேரிடம் என் மகள் நர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். வயிற்றில் பெற்ற பிள்ளை ஊர் கூடிய சபையில் வைத்துத் தன் துணியை உருவிவிட்டது போல இருந்தது.

எதிர்ப்பவர்களில் முதல் பெயர் டார்லாவுடையது. ஒலிபெருக்கி முன் போய் உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் மகள் உட்கார்ந்த சூடு இருந்தது. காகிதத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் எழுதி வைத்ததை அப்படியே வாசித்தாள். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியாதது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். இரண்டாவது பத்தி முடிந்தது. மூன்றாவது பத்தி இப்படித் தொடங்கியது. "இதற்கு என் மூத்த மகள் கெசியாவே சாட்சி."

அந்த வரியை வாசித்துவிட்டு நின்றுவிட்டாள்.

தலைவர் வயதானவர், மரியாதை தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அம்மா, இப்ப பேசினாங்களே, அந்தப் பொண்ணா?"

"ஆமாங்க."

"அவங்க சொன்னது தப்புன்னு சொல்ல விரும்புறீங்களா? நேரம் இருக்கு, சொல்லலாம்."

பின்னால் இருந்து ட்ரூடி, "சொல்லு டார்லா" என்று முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும். சின்னப்பெண், கோபத்தில் பேசுகிறாள் என்றால் முடிந்தது. பன்னிரண்டு குடும்பமும் அதற்குத்தான் காத்திருந்தது. டார்லா காகிதத்தை நான்காக மடித்தாள்.

"அவ பொய் சொல்றவ இல்லைங்க," என்றாள். "பொய் சொல்லாம இருக்கத்தான் வளர்த்தேன்."

"அப்போ மசோதாவை ஆதரிக்கிறீங்களா?"

"இல்ல. எதிர்க்கிறேன். அப்படியே எழுதிக்கங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் எழுந்து, குழுப் பெண்கள் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். அமோஸும் டிர்சாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர்களை வேனில் போய் இருக்கச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டாள். கெசியா வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மா, நீ இவ்வளவு தைரியமா..."

"வாராவாரம் பொய் சொல்லியிருக்க. அது கூடப் போகட்டும். என்கிட்ட சொல்லாம வந்து இத்தனை பேருக்கு முன்னாடி... என்னடி பண்ணினேன் உனக்கு?"

கெசியாவின் அழுகை நின்றுவிட்டது. "உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"நான் பேசப் போறேன்னு. அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கு வருத்தந்தான், ஆனா நீ பேசுன்னு அப்பா சொன்னாரே. அந்த நோட்டுப் பக்கங்களையும் நீதான் குடுக்கச் சொன்னன்னு சொல்லி போன்ல படம் பிடிச்சு அனுப்பி வெச்சாரு. இல்லாட்டி நான் வந்திருப்பேனாம்மா?"

டார்லா மகளைப் பார்த்தாள். அது பொய் இல்லை. காற்றுப் பார்த்த டயர், அடுக்கி வைத்த தட்டுகள், ஜன்னலைத் தட்டிச் சொன்ன வார்த்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தன. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லாத மனிதன்.

போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். லாரிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றான்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"பதினாலு வயசுல என்கிட்ட வந்து கேட்டா. பள்ளிக்கூடத்துல சேர்த்து விடுங்கப்பான்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல? இதே வீட்டுல இருந்துக்கிட்டு, இதே மேசையில சாப்பிட்டுக்கிட்டு, அஞ்சு வருஷமா ஏன் சொல்லல கர்ட்?"



"நீ ரொம்ப சந்தோஷமா இருந்த டார்லா," என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். கெசியா தொட வந்தபோது தடுக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. "போ, வேலைக்கு நேரமாகுது" என்று அனுப்பிவிட்டு வேனுக்குப் போனாள். அமோஸும் டிர்சாவும் சத்தமில்லாமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டார்லா சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

"அமோஸ், அக்கா சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"உனக்கும் அப்படித்தானா? நிஜத்தைச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பதினான்கு வயதுப் பையன் தங்கையைப் பார்த்தான். தங்கை தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் டார்லா அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு எல்லாம் பிடிச்சுதான் இருக்கும்மா," என்றான் அமோஸ், ரொம்பவும் அன்பாக. "இப்ப எங்க போலாம்? உனக்கு எங்க பிடிக்குதோ அங்க போலாம்."