ஆயில் நிறைகிறது

ஒரே ஒரு பயணத்துக்காகத்தான் அந்தக் காரை வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரத்துக்குள்ளேயே டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தோம். போன் வந்தால் நாலு மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டின ஓரிக்கையில் உட்கார்ந்துகொண்டு வாடகைக் காரை நம்ப முடியுமா? முகூர்த்த நாளில் இந்த ஊரில் ஒரு வண்டி அகப்படுமா?

ரவிக்கை தைத்துப் பிழைக்கிற நான் நாற்பத்தாறு வயதில் ஸ்டியரிங் பிடித்தேன். டீசல் வண்டிதான் உழைக்கும் என்று நாலு பேர் சொன்னதால் டீசல். ஆயிரத்து ஐந்நூறு சி.சி., நாலு சிலிண்டர், டர்போ. கூட வந்த புத்தகத்தைப் பஞ்சாங்கம் மாதிரி புரட்டினேன். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான்தான் டர்போ. அது பயங்கர வேகத்தில் சுற்றும், அதன் உயிரே என்ஜின் ஆயில்தான், நின்றவுடன் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணை என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். டயாலிசிஸ் வாசலில் காவலாளி போகிற நாளெல்லாம் கத்துவார், "ஆஃப் பண்ணும்மா, பொகையில நிக்க முடியல!" நான் அறுபது எண்ணிவிட்டுத்தான் அணைப்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. ஓட்ட ஓட்டத் தேயும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டயாலிசிஸுக்கு நாலு கிலோமீட்டர் போக, நாலு கிலோமீட்டர் வர, அவ்வளவுதான். கல்யாணம் காட்சி எல்லாம் பஸ்ஸில். என் நாத்தனார் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "கார்ல போவ மாட்டியாம், ஓட்டினா தேஞ்சிடுமாம். பின்ன இன்னாத்துக்கு வாங்கின, பரண்ல ஏத்தி வெக்கவா?" சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் தம்பியின் உயிருக்காகத்தானே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்?

வெள்ளிக்கிழமை தோறும் பானட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஆயில் அளக்கிற கம்பியை உருவி, வெட்டு மிச்சத் துணியால் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வாயிலிருந்து 'இல்லை' வராது. அரிசி தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருக்குது' என்றுதான் சொல்லுவோம். அப்படிப்பட்ட நாளில், ஆயில் குறையாததோடு போன வாரத்தை விட ஒரு நூல் ஏறியும் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? கம்பியிலிருந்த மேல் அளவுக்கோட்டைத் தாண்டி ஏறியபோது சாமியே கண் திறந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வப்போது டாஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கு என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்றுதான் முசரவாக்கம் போகும் வழியில் இருக்கிற மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். போன இடத்தில் பெருமை வேறு. "பாய், மத்தவங்க வண்டி ஆயில் குடிக்கும். நம்மளுது குடிக்காது. நெறஞ்சுக்கினே வருது!"

பாய் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொன்னீங்க? நெறையுதா?" கம்பியை உருவினார், இரண்டு விரலில் தேய்த்தார், முகர்ந்தார். என் மூக்கருகிலும் நீட்டினார். டீசல் வாடை குப்பென்று அடித்தது.

"யா அல்லா! தெனம் எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புகைக் கரியப் புடிக்க உள்ள ஒரு ஃபில்டர் இருக்குதும்மா. நல்லா சூடேறி ஓடினாதான் அந்தக் கரி எரியும். எரிக்கறதுக்குன்னு என்ஜின் கொஞ்சம் டீசல் சேத்து வுடும். நீங்க பாதியிலயே ஆஃப் பண்ணிடறீங்க. அந்த டீசல் ஆயில்ல எறங்கிடுது. தண்ணியா பூட்ட ஆயில்ல டர்போ எத்தினி நாளு சுத்தும்? இந்த நெலமையில மெட்ராஸுக்கு மிதிச்சிருந்தீங்கன்னா, நடுரோட்டுல நின்னிருக்கும்."

எந்தப் பயணத்துக்காகக் காத்தேனோ, அதையே இரண்டு வருஷமாக என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். பாயின் முன்னாலேயே என்னை நான் திட்டிக்கொண்டேன். "அட வுடுங்கம்மா" என்று புது ஆயில் ஊற்றி, ஃபில்டரை எரியவைத்துக் கொடுத்தார். "வாராவாரம் ஹைவேல ஏறி, எம்பதுல அர மணி நேரம் நிக்காம வுடுங்க. பட்டுப் பொடவைய ஒரே மடிப்புல வெச்சா மடிப்புல இத்துப்பூடும், இல்லையா? அதே மேரிதான்."

அதன்பிறகு ஞாயிறு தோறும் சாயங்காலம் பெங்களூர் சாலையில் ஏறுவோம். சுங்குவார்சத்திரத்தில் திரும்பி, வாலாஜாபாத் வழியாக வீடு. நடுவில் தென்னேரிக் கரையில் கொஞ்சம் நிற்போம். படுக்கையும் டயாலிசிஸுமாகக் கிடந்த மனிதர், ஜன்னலை இறக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் கருத்து சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் கரை முட்ட ஏரி. நாளுக்கு முக்கால் லிட்டர் என்று அளந்து தண்ணீர் குடிக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இவ்ளோ தண்ணியக் காட்டி வெறுப்பேத்தறியே!" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

ஆனாலும் கோயிலுக்குப் போனால் எனக்கு வேண்டத் தெரியாது. யாரோ ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்தால்தான் எங்கள் வீட்டில் அந்த போன் அடிக்கும். அதை வாயைத் திறந்து எப்படிக் கேட்பது? கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடித்தது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஊசியோடு அப்படியே வைத்துவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி ஒரு இருமல் இருமவில்லை. ஐந்தாவது கியரில் அது சீராக இரைந்த சத்தம் எனக்கு எத்தனை தைரியம் கொடுத்தது என்று சொல்லி முடியாது. இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

ரத்தம் எடுத்தார்கள். எங்களைப் போலவே ஒரு பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள், இருபது வயதைத் தாண்டியிருக்காது. பிற்பகல் மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். சிறுநீரகம் அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம், உங்கள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார். எனக்கு அந்த மனசு வரவில்லை. பொய் எதற்கு, அந்தப் பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்துக் கும்பிட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்புகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவர்தான் பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணு பாத்தியா? இன்னிக்கு ஃபில்டர் சுத்தமா எரிஞ்சிருக்கும்."

"வாய மூடிக்கினு வர்றியாய்யா?" என்று கத்தினேன். கத்தினதும் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் கை வைத்து, "சரி, எடும்மா" என்றார். "இன்னிக்கே ஓட்டியாச்சு, ஞாயித்துக்கெழம ஓட்ட வேண்டிய வேல மிச்சம்னு நெனச்சிக்காத. ஞாயித்துக்கெழமயும் போவணும்."