கேட்டுக்கு வெளியே கேட்ட குரல்

போன மார்கழியில் மர்பி டவுனில் ஒரு வீட்டு ஜன்னலைச் சரிசெய்யப் போனேன். மரம் சுருங்கி இடுக்கு வழியாகக் குளிர்காற்று வந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழே, ஹாலில்தான் அந்த வீட்டு அம்மா படுப்பார். குள்ளமான உருவம், தலையில் கம்பளிக் குல்லா, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர்.

மகனும் மகளும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்த்தார்கள். அம்மா கதவில் காது வைத்துக் கேட்பார். உள்ளே பேச்சு நின்றதும் எனக்கு விரலை ஆட்டுவார். நான் ஆணி அடிப்பேன். பேச்சு தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். குக்கரையும் அப்படி நேரம் பார்த்துத்தான் வைத்தார். டீ கொடுத்தபோதும் ஜாடைதான். எனக்கும் ஆட்களோடு பேச்சு அவ்வளவாக வராது. அதனால் அங்கே நிம்மதியாக இருந்தது.

வேலை முடிந்து என்னோடு கேட் வரை வந்தார். வெளியே கால் வைத்ததும், "அண்ணா, இனிமே காத்து வராதில்ல?" என்றார். தெருவே திரும்பிப் பார்க்கிற குரல்.

"வராதும்மா."

"உங்களுக்கு எத்தினி பசங்க? என்ன பண்றாங்க? சத்தமாவே சொல்லுங்கண்ணா, இங்க யாருக்கும் மீட்டிங் இல்ல!" என்று சிரித்தார்.

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, போய்ட்டு வாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

இந்த வருஷமும் குளிர் வந்துவிட்டது. அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்: "ரெண்டு பசங்கம்மா. பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."