சமையலறை ஜன்னலில் இரண்டு மைனா

போன ஞாயிறு காலை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனேன். பாசஞ்சர் முழுக்கச் சிப்பாய்கள்; நின்றுகொண்டேதான் பயணம். யுத்த காலத்தில் அப்படியென்ன அவசரம் என்கிறீர்களா? என் வீட்டை விற்கப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று குடியிருப்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

என் மனைவி ராஜம் இறந்து பத்து மாதம் ஆகிறது. அவள் போனதும் டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு விழுப்புரம் வந்தவன்தான். அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

இப்போது அங்கே இருப்பவர் லூர்துமேரி, கொத்தனாரின் மனைவி. காபி கொடுத்துவிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தார். தினம் காலையில் சமையலறை ஜன்னலுக்கு இரண்டு மைனா வருகின்றனவாம். கதவைச் சாத்தினால் மூக்கால் தட்டுகின்றனவாம்.

“கொல்லையில இல்லாத புழுவா, பூச்சியா? அத்தையெல்லாம் வுட்டுட்டு இங்கதான் வருதுங்க. ஒரே பேஜாருங்க ஐயா.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ராஜம் சோற்றுப் பானையை இறக்கியதும் அந்த ஜன்னலில் ஒரு பிடி வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வைப்பாள். அரிசிக்கே ரேஷன், மைனாவுக்கு விருந்தா என்று நான் கடிந்துகொள்வேன். அவளோ இன்னும் நாலு கொட்டை கூட வைப்பாள்... அவ்வளவுதான்.

பிறகு வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஆட்களும் மாறிவிட்டார்கள். ஆனாலும் எந்த ஜன்னல், எந்த நேரம் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் அப்படியே இருக்கிறதே — எப்படி? இவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு நான் மறக்கத்தானே ஊர் மாறினேன்!

“மொதல்ல வெரட்டினேங்க,” என்றார் லூர்துமேரி. “அப்பறம் மனசு கேக்கல. நானே வெச்சிக்கினு இருக்கேன். தின்னுட்டும் போவாதுங்க. உள்ள எட்டி எட்டிப் பாக்கும், யாரையோ தேடறாப்பல.”

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று பிறகு கேட்டார். சும்மாதான், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

அதற்குள் ஜன்னலில் டொக் டொக். என் கையில் கொஞ்சம் மல்லாட்டையைக் கொடுத்து, நீங்களே வையுங்கள் என்றார். வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

இரண்டும் கொத்தித் தின்றன. பிறகு கழுத்தை நீட்டி, என்னைத் தாண்டி, அடுப்பங்கரையைப் பார்த்தன.

நானும் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டை வாங்குவதாக இருந்த கூட்டேரிப்பட்டுக்காரருக்கு மறுநாளே கார்டு போட்டுவிட்டேன் — விற்பதாக இல்லை.