கலங்கல் எண்ணெய் கொண்டுவந்தவர்

மருதனார்மடத்தில் உள்ள என் சவர்க்காரப் பட்டறைக்குள் அவர் செருப்போடு நுழைந்தார். சாமிப்படம் மாட்டிய அறை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தேன், செருப்புகளைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டியிருந்தார். கதைக்கும்போது அடிக்கடி குனிந்து பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ. கால் விறைச்சுப்போச்சு. செருப்புக் கழண்டு விழுந்தாலும் எனக்குத் தெரியாது."

வேப்பம்பிண்ணாக்கில் மிஞ்சியிருக்கும் எண்ணெயைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையில் வேலை செய்தவர். கரைக்க ஊற்றுவது பெற்றோல் போல மணக்கும் ஒரு திரவம். பூட்டிய அறையில் அதன் ஆவியை வருடக்கணக்காகச் சுவாசித்ததில் நரம்பு கெட்டுவிட்டதாம். ஒரு போத்தலை நீட்டினார்.

"இது மதுசாரத்தாலை நானே பிரிச்சது. ஆக்களை இப்பிடிச் செய்யாது. வாங்க ஆள் இருந்தா ஆலையையும் இதுக்கு மாத்துறன் எண்டு முதலாளி சொல்லுறார்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் கலங்கியிருந்தது.

"இதிலை சவர்க்காரம் வடிவா வராது, அண்ணை."

"இன்னும் தெளிய வைப்பன். ஒருக்கா மட்டும் எடுங்கோ. ஆலையிலை என்ரை இடத்திலை இப்ப என்ரை மனிசி நிக்கிறா."

"பாப்பம்" என்றேன். இல்லை என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் சொல் அது. அவருக்கும் விளங்கியது.

படியிறங்கும்போது கயிறு அவிழ்ந்து ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்துவிட்டது. கூப்பிட எழுந்தேன். கூப்பிட்டால் மறுபடியும் போத்தலை நீட்டுவாரோ என்று நின்றுவிட்டேன். கொதிக்கும் தார் வீதியில் அவர் ஒற்றைச் செருப்போடு நடந்து போனார். அப்போது மட்டும் அவர் குனிந்து பார்க்கவேயில்லை.